மேலிருந்து விழும் சாறும் மோட்டர் தள்ளும் சாறும்

கொழும்புக்குத் தண்ணீர் இரண்டு விதமாக வந்து சேர்கிறது. பழைய வழி லபுகம. 1886 இல் அந்த நீர்த்தேக்கம் நகருக்குத் தண்ணீர் தரத் தொடங்கியது. மலையடிவாரத்திலிருந்து மாளிகாகந்தை வரை தண்ணீர் தன் பாரத்திலேயே ஓடி வரும்படி அன்றைய பொறியியலாளர்கள் குழாய் பதித்தார்கள். புதிய வழி அம்பத்தலை. அங்கே களனி கங்கை நீரை அள்ளிச் சுத்திகரித்து, பெரிய மோட்டர்கள் மேட்டிலுள்ள நீர்த்தாங்கிகளுக்கு ஏற்றுகின்றன. ஒன்றில் உயரம் வேலை செய்கிறது, மற்றதில் மின்சாரம். குழாயைத் திறக்கிறவருக்கு எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. தெரியவும் தேவையில்லை.

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் இதே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். பாத்திரங்களை மூன்று படிகளில் அடுக்கி மேலிருந்து கீழே சாறை இறக்குவது ஒரு கட்சி. எல்லாவற்றையும் ஒரே தளத்தில் வைத்துப் பம்பால் தள்ளுவது மறு கட்சி. இரண்டு பேருடைய வாதங்களும் குளிர்நாட்டுக் கராஜ்களில் பிறந்தவை. அவற்றைக் கொழும்பின் கொட்டாஞ்சேனை வீட்டிலும் வெள்ளவத்தைத் தொடர்மாடியிலும் வைத்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம். இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்சுவது குற்றம். ஆகவே இங்கே யாரையும் அடுப்பு மூட்டச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளவத்தையில் ஒரு குடும்பம் இருந்தால் அதன் பாதி ஸ்காபரோவிலும் ஹரோவிலும் மெல்பேர்னிலும் இருக்கிறது. பிரித்தானியாவில் 1963 இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் வீட்டுப் பியருக்கு இருந்த அனுமதிப்பத்திர முறையை எடுத்துவிட்டார். அமெரிக்காவில் 1978 ஒக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம் அடுத்த பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம். கராஜ் வைத்திருக்கும் மச்சான்மாருக்கு இது நேரடியாக உதவும். கொழும்பில் இருப்பவருக்கு, தன் வீட்டுக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்பதாவது விளங்கும்.

பியருக்கு ஏன் இவ்வளவு குழாய் என்று யாழ்ப்பாணத்தான் ஒருவன் கேட்டால் அது நியாயமான கேள்வி. கள்ளுக்குக் குழாயே வேண்டாம். பனையிலும் தென்னையிலும் இறங்கும் பதநீரில் சீனி ஏற்கெனவே கரைந்திருக்கிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் அது தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும். பார்லியில் இருப்பது மாப்பொருள். முளைக்க வைத்து உலர்த்திய பார்லியை நொறுக்கி, 65 முதல் 68 பாகை வரையான சுடுநீரில் ஒரு மணித்தியாலம் வைத்தால்தான் அந்த மா சீனியாக உடையும்; இதுதான் மாஷ். பிறகு 76 பாகை அளவில் சுடுநீர் ஊற்றி மிச்சச் சீனியைக் கழுவி எடுக்க வேண்டும். வந்த சாறை ஹொப் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகு விரைவாக ஆற்றி ஈஸ்ட் போட வேண்டும். ஆக சுடுநீர்ப் பாத்திரம், மாஷ் பாத்திரம், கொதிப் பாத்திரம், புளிக்கும் வாளி என்று நான்கு இடங்கள். இருபது லீற்றர் பியருக்கு முப்பது லீற்றருக்கு மேல் சுடுதண்ணீர் இந்த நான்குக்கும் இடையில் நகர்கிறது. கையால் தூக்கி ஊற்றினால் வெந்துபோவது சாறு மட்டுமல்ல.

ஈர்ப்பு முறையைக் கீழிருந்து கட்டிப் பார்ப்போம். புளிக்கும் வாளி நிலத்தில் நிற்கிறது. உயரம் 45 சென்ரிமீற்றர் என்று வைப்போம். சாறு அதற்குள் விழ வேண்டுமானால் கொதிப் பாத்திரத்தின் அடி அதற்கு மேலே, 50 சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். அதன் வாய் 90 இல் முடியும். மாஷ் பாத்திரத்தின் அடி 95 இல், வாய் 135 இல். சுடுநீர்ப் பாத்திரத்தின் அடி 140 இல், வாய் 180 இல். மேல் பாத்திரத்தின் கீழே காஸ் அடுப்பும் வைத்தால் அது இரண்டு மீற்றருக்குப் போய்விடும். நம்மவரில் பெரும்பாலானோருக்கு அது தலைக்கு மேல். அந்த உயரத்தில் 76 பாகையில் இருபத்தைந்து லீற்றர் தண்ணீர், பாத்திரத்தோடு முப்பது கிலோவுக்குக் கிட்ட. உள்ளே எட்டிப் பார்க்க ஸ்டூலில் ஏற வேண்டும். ஈர்ப்பு முறை எளிமையானது என்று எழுதுகிறவர்கள் இந்த ஸ்டூலைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

இவ்வளவு உயரம் கொடுத்தும் கிடைக்கிற அழுத்தம் அற்பம். பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் அரை மீற்றர் இருந்தால் 0.05 பார். கொழும்பில் ஒரு மாடி வீட்டின் கூரைத் தாங்கிக்குக் கீழேயே குளிக்கும் குழாய் சொட்டுச் சொட்டாக வரும்போது நாம் திட்டுகிற அழுத்தம் இதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே ஈர்ப்பு முறையில் குழாய் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எல்போக்களை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். வால்வு முழுத் துளை உள்ள போல் வால்வாக இருக்க வேண்டும். சிலிக்கோன் குழாய் நடுவில் எங்கும் மேலே வளைந்து திமில் போடக் கூடாது. போட்டால் அந்தத் திமிலில் காற்று தங்கி ஓட்டம் நின்றுவிடும். மேல்மாடிக் குளியலறையில் தண்ணீர் திடீரென்று நின்று, பாஸ்மார் வந்து கீழ்க் குழாயை வாயால் ஊதிச் சரி செய்வார்களே, அதே காற்று அடைப்புத்தான்.

பம்ப் முறையில் இந்த உயரக் கவலை ஒழிகிறது. மூன்று பாத்திரமும் மேசை உயரத்தில் நிற்கும். உள்ளே பார்க்கலாம், கிளறலாம், வெப்பமானி வைக்கலாம். மாஷ் பாத்திரத்தின் அடியிலிருந்து சாறை எடுத்து மேலே திருப்பி விட்டுக்கொண்டே இருந்தால் தானியப் படுக்கையே வடிகட்டியாகி, கலங்கல் சாறு தெளிந்து வரும். போகிற வழியில் அதைச் சூடாக்கினால் மாஷின் வெப்பத்தை ஒரு பாகைக்குள் பிடிக்கலாம். ஈர்ப்புக்காரர் இதையே ஜக்கால் அள்ளி ஊற்றிச் செய்கிறார். கொதித்து முடிந்ததும் பம்பால் சாறைச் சுழல விட்டால் ஹொப் கழிவு நடுவில் குவிந்துவிடும். இவையெல்லாம் உண்மையான லாபங்கள்.

ஆனால் பம்ப் ஒரு பிடிவாதக்காரப் பிராணி. வீட்டுப் பியருக்குப் பாவிக்கிற காந்த இயக்கப் பம்புகள் தாமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ள மாட்டா. அவற்றுக்குத் தண்ணீர் வந்து விழ வேண்டும். ஆகவே பம்ப் எல்லாப் பாத்திரங்களுக்கும் கீழே இருக்க வேண்டும், வெளிவாய் மேல் நோக்கி நிற்க வேண்டும். கொஞ்சம் காற்று உள்ளே போனாலும் வெறுமனே சுழலும். நம்மூரில் "மோட்டர் காத்து இழுக்குது" என்று சொல்வது இதைத்தான். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளிவாய்ப் பக்க வால்வைத்தான் மூட வேண்டும். உள்வாய்ப் பக்கம் மூடினால், கொதிநிலைக்குக் கிட்ட இருக்கிற சாறு அங்கே அழுத்தம் குறைந்து ஆவியாகும், பம்ப் கடகடவென்று சத்தம் போடும். மாஷிலிருந்து வேகமாக இழுத்தால் தானியப் படுக்கை இறுகி அடைத்துக்கொள்ளும். பழைய ஐரோப்பிய மதுச்சாலைகளில் மாஷ் பாத்திரத்துக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சிறு திறந்த தொட்டி வைத்தார்கள். சாறு அதற்குள் தானாக விழும். பம்ப் அந்தத் தொட்டியிலிருந்து மட்டும் எடுக்கும். படுக்கையை உறிஞ்சும் வாய்ப்பே பம்புக்குக் கிடைக்காது. பம்ப் கட்சியே தன் மிக முக்கியமான இடத்தில் ஈர்ப்பை வைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கமும் அப்படித்தான். ஈர்ப்பு முறைக்கு உலகில் பெயர் வாங்கித் தந்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கோபுர மதுச்சாலைகள். ஒக்ஸ்போர்ட்ஷயரின் ஹூக் நோர்ட்டன் அப்படி ஒன்று. சாறு மாடி மாடியாகக் கீழே இறங்கும். ஆனால் முதலில் தண்ணீரை உச்சிக்கு ஏற்ற வேண்டுமே? அதற்கு 1899 ஆம் ஆண்டு நீராவி எஞ்சின் அங்கே நிற்கிறது. கோபுரத்தில் பம்ப் இல்லை என்பது பொய். பம்பின் முதல் வேலை வெறும் தண்ணீரை உச்சிக்கு ஏற்றுவது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் இதுவே நடக்கிறது. நிலத்தடித் தாங்கியிலிருந்து மோட்டர் மொட்டைமாடிக்கு ஏற்றுகிறது, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் தானாக இறங்குகிறது.

ஈர்ப்பா பம்பா என்ற சண்டையில் நான் கண்டது இவ்வளவுதான். பம்ப் எங்கோ ஓரிடத்தில் இருந்தே தீரும். அது எதைத் தொடுகிறது என்பதை வைத்துத்தான் மற்றவை எல்லாம் முடிவாகின்றன. சீனிச்சாறைத் தொடுகிற பம்புக்கு உணவுத்தரம் வேண்டும், வெப்பம் தாங்கும் தலை வேண்டும், ஒவ்வொரு தடவையும் பிரித்துக் கழுவ வேண்டும். தண்ணீரை மட்டும் தொடுகிற பம்புக்கு இவை ஒன்றும் வேண்டாம். மீன் தொட்டிக் கடையில் வாங்குகிற பம்பே போதும்.

எந்தப் பக்கம் எங்கே பொருந்தும் என்று வீடுகளைப் பார்த்தால், கொட்டாஞ்சேனையின் பழைய வரிசை வீடுகள் ஈர்ப்புக்குப் பிறந்தவை. ஜம்பட்டா வீதிப் பக்கம் நடந்தால் ஓட்டுக் கூரை உயர்ந்து நிற்கும் வீடுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. பின்னால் சிமெந்து முற்றம், முற்றத்தின் ஓரத்தில் கான். சுடுதண்ணீர் கொட்டினாலும் வழிந்து ஓட இடம் இருக்கிறது. இரண்டு மீற்றர் அடுக்குக்கு மேலே தாராளமான வெளி. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் எழும்பிய மாடிவீடுகளில் இந்த வசதி எதுவும் இல்லை. சமையலறைத் தளம் டைல், வடிகால் துளை குளியலறையில் மட்டும். இருபது லீற்றர் கொட்டினால் கீழ்வீட்டு மாமியின் கூரையில் ஈரப்படம் விழும். அங்கே உயரமான அடுக்கு ஒரு தற்கொலை. மேசை உயரத்தில் பம்ப் வைத்த அமைப்புத்தான் தொடர்மாடிக்குப் பொருந்தும். ஒரே பாத்திரத்தில் துணிப்பை போட்டு மாஷும் கொதிப்பும் செய்கிற அவுஸ்திரேலிய வழியும் உண்டு. உண்மையில் மாடிவீட்டுக்காரருக்கு அதுவே இரண்டையும்விட நல்லது. ஆனால் அதில் குழாய் என்று பேச எதுவும் மிஞ்சாது.

மின்சாரத்தைச் சொல்லாமல் கொழும்பில் பம்பைப் பற்றிப் பேச முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மாஷ் ஒரு மணித்தியாலம், கழுவல் முக்கால், கொதிப்பு ஒன்று, ஆற்றுதல் அரை. நடுவில் எங்கே மின்சாரம் போனாலும் பம்ப் அமைப்பு அப்படியே உறைந்து நிற்கும். ஈர்ப்பு அமைப்பு தொடரும் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அதே ஆண்டு சமையல் காஸுக்கும் வெற்றுச் சிலிண்டர்களை வீதியில் வரிசையாக அடுக்கிவிட்டுக் காத்து நின்றோம். அந்த வாதத்தில் இரண்டு பக்கமும் தோற்றன. சாதாரண நாட்களில், பம்பைச் சுற்றித் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பெரிய விடயம். கனடாவில் வாங்கிய பம்ப் 120 வோல்ட், நம் வீட்டுச் சுவர் 230 வோல்ட். சூட்கேசில் கொண்டுவந்தால் அது பொம்மைதான்.

இனிச் சாறை ஆற்றுவது. இரண்டு முறைகளையும் ஒப்பிடும் புத்தகங்கள் சூடான பக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி, ஆற்றுவதை இரண்டு பத்தியில் முடித்துவிடுகின்றன. குளிர்நாட்டுக்காரருக்கு அது போதும். ஒன்ராறியோ ஏரியிலிருந்து ரொறொன்ரோவுக்கு வரும் தண்ணீர் குளிர்காலத்தில் ஐந்து பாகைக்குக் கிட்ட இருக்கும். கொதிக்கும் சாறுக்குள் செம்புச் சுருளை இறக்கி அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் இருபது பாகைக்கு வந்துவிடும். கொழும்பில் குழாய்த் தண்ணீரே 28 பாகை. மொட்டைமாடித் தாங்கியில் மத்தியானம் வெயில் குடித்த தண்ணீர் அதைவிடச் சூடு. எவ்வளவு நேரம் திறந்துவிட்டாலும் சாறு அந்த அளவுக்குக் கீழே இறங்காது. சாதாரண ஏல் ஈஸ்டுக்கு இருபது பாகை வேண்டும். முப்பதில் போட்டால் பியரில் பழவாசமும் சாராயக் காரமும் ஏறிவிடும்.

கணக்கைப் பார்ப்போம். இருபது லீற்றர் சாறை 100 பாகையிலிருந்து 35 க்கு இறக்க ஏறத்தாழ 5,400 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் சுருளுக்குள் போய் இருபது பாகை சூடேறி வெளியே வருகிறது என்று வைத்தால் 65 லீற்றர் செலவாகும். இது பெரும்பங்கு வெப்பம், குழாய்த் தண்ணீரே இதைக் கொண்டுபோய்விடும். மிச்சம் 35 இலிருந்து 20 வரை. அது 1,250 கிலோஜூல் மட்டுமே. ஆனால் அதைக் குழாய்த் தண்ணீரால் செய்யவே முடியாது. ஐஸ் வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி இருபது பாகைக்கு வரும்போது 418 கிலோஜூலை உறிஞ்சும். கணக்குப்படி மூன்று கிலோ. வெளிச்சூட்டையும் சேர்த்தால் ஆறு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆறு கிலோவுக்காகத்தான் கொழும்பில் பம்ப் வேண்டும். ஒரு வாளியில் ஐஸ் தண்ணீர், அதற்குள் மூழ்கிய சிறு பம்ப், அதிலிருந்து செம்புச் சுருளுக்கு ஒரு குழாய், சுருளிலிருந்து திரும்ப வாளிக்கு ஒரு குழாய். அதே ஐஸ் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடும். ஈர்ப்பால் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் தண்ணீர் கீழிருந்து திரும்ப மேலே வர வேண்டும். ஆனால் இந்தப் பம்ப் சாறைத் தொடுவதே இல்லை. ஆகவே மலிவான பம்ப் போதும், கழுவ வேண்டியதும் இல்லை. முதல் 65 பாகைக்கு வீட்டுக் குழாய்த் தண்ணீர், பிறகு பம்பில் ஐஸ் தண்ணீர். ஆரம்பத்திலிருந்தே ஐஸைப் போட்டால் குறைந்தது பதினாறு கிலோ கரையும். அது வீண்.

சுருளைப் பற்றி ஒரு வார்த்தை. சமையலறையில் செம்புச் சுருளைப் பார்க்கும் எந்த இலங்கைப் பொலிஸ்காரருக்கும் கசிப்பு ஞாபகம் வரும். வடிவம் அச்சு அசல் ஒன்றுதான். வேலை தலைகீழ். கசிப்புச் சுருளுக்குள் ஆவி ஓடும், குளிர் வெளியே இருக்கும். இதில் குளிர் உள்ளே ஓடும், சூடான சாறு வெளியே இருக்கும். நியாயமான விளக்கம்தான், ஆனால் நடுராத்திரியில் அதை விளக்க நேராமல் இருப்பது நல்லது.

ஐஸே வேண்டாம் என்று இரண்டு வழிகள் உண்டு. அவுஸ்திரேலியர் தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் கண்டுபிடித்தது ஒன்று. கொதித்த சாறை அப்படியே வெப்பம் தாங்கும் கலன்களில் நிரப்பி, காற்றில்லாமல் மூடி, மறுநாள் வரை தானாக ஆற விடுவார்கள். கொதிச்சூடே கலனைக் கிருமி நீக்கம் செய்துவிடும். கொழும்பில் அப்படி விட்டாலும் கலன் 29 பாகையில்தான் நிற்கும், ஆனால் அதைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடலாம். மற்றது நோர்வேப் பண்ணை ஈஸ்ட், கிவெய்க் என்று பெயர். முப்பது பாகைக்கு மேலும் கெட்ட வாசம் இல்லாமல் புளிக்கும். குளிர்நாட்டு ஈஸ்ட் கொழும்பு வெயிலுக்கு இவ்வளவு பொருந்தியது வேடிக்கைதான். அதைப் பாவித்தால் ஆற்றும் பம்புக்கு வேலை இல்லை. அப்போது கொட்டாஞ்சேனை முற்றத்தில் முழு அமைப்பையும் ஈர்ப்பிலேயே முடித்துவிடலாம்.

வெள்ளைக்காரத் துரைமார் இந்த வெப்பச் சிக்கலை மலையேறித் தீர்த்தார்கள். இலங்கையின் பழைய மதுச்சாலை நுவரெலியாவில் 1,800 மீற்றருக்கு மேல் இருந்தது. குளிர்ந்த தண்ணீரும் குளிர்ந்த காற்றும் அங்கே சும்மா கிடைத்தன. அங்கே காய்ச்சிய லயன் பியர் 1998 இல் பியகமவுக்கு, களனி கங்கை ஓரத்துக்கு இறங்கியது. இயந்திரக் குளிரூட்டல் வந்த பிறகு மலை தேவைப்படவில்லை. 2016 மே வெள்ளத்தில் அந்தத் தொழிற்சாலை மூழ்கி உற்பத்தி பல மாதங்கள் நின்றது. பம்பும் குளிரூட்டியும் தாழ்ந்த நிலத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் மழைக்குக் கான் பொங்கும் வீடுகளில் பம்பை நிலத்தில் வைப்பவரும் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

கழுவுவதுதான் அடுத்த பெரிய விடயம். இங்கே நான் பம்ப் கட்சிக்கு எதிராகப் போகிறேன். பம்பால் சூடான காரக் கரைசலைச் சுற்றவிட்டு எல்லாக் குழாய்களையும் தானாகக் கழுவலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் கழுவ வேண்டிய குழாய் அவ்வளவு நீளமாக இருப்பதே பம்ப் வைத்ததால்தானே. ஈர்ப்பு அமைப்பில் குழாய் ஒவ்வொன்றும் அரை மீற்றர். கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கலாம். பம்ப் அமைப்பில் டீ, எல்போ, யூனியன் என்று மூலைகள் கூடும். மூடிய வால்வுக்கு முன்னால் ஓட்டம் இல்லாத முட்டுச்சந்துகளில் சாறு தங்கும். ரொறொன்ரோ கராஜில் தங்கிய சாறு இரண்டு நாள் பொறுக்கும். கொழும்பில் முப்பது பாகையிலும் ஈரக் காற்றிலும் அன்று ராத்திரியே புளித்துவிடும். எனவே ஒவ்வொரு குழாயும் நூற்றுக்கு ஒன்று என்றாவது சரிவோடு போக வேண்டும், கடைசியில் வெறுமையாக வடிய வேண்டும். போல் வால்வின் உருண்டைக்குப் பின்னால் எப்போதும் கொஞ்சம் சாறு நிற்கும். மூன்று துண்டாகக் கழற்றக் கூடிய வால்வை வாங்குவது அதற்காகத்தான். குளோரின் ப்ளீச்சைப் பாவித்துத் துருப்பிடிக்காத இரும்பைக் கழுவினால் அதில் ஊசித் துளைகள் விழும். வெள்ளவத்தைக் கடற்காற்றே 304 ரகத்தில் செந்நிறக் கறை போடும். கடலோரத்தில் இருப்பவர் 316 ரகம் வாங்கினால் நல்லது.

பொருட்கள் பற்றி மேலும் கொஞ்சம். நம் வீட்டுக் குளிர்தண்ணீர்க் குழாய் எஸ்-லோன். சாதாரண பி.வி.சி. 60 பாகைக்கு மேல் இளகிவிடும். ஆகவே அது ஆற்றும் தண்ணீரைக் கொண்டுவரலாம், சாறுக்கு உதவாது. சாறுக்கு உணவுத்தர சிலிக்கோன் குழாய்தான். செம்பு புளிக்கும் முன் நல்லது, புளித்த பிறகு பியரைக் கெடுக்கும். கூடவே திரெட் தொல்லை. அமெரிக்க, கனேடியப் பொருத்துகள் என்.பி.டி. நம்முடையவையும் பிரித்தானிய, அவுஸ்திரேலியப் பொருத்துகளும் பி.எஸ்.பி. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிகள், கோணம் மட்டும் ஒன்றுக்கு 60, மற்றதுக்கு 55 பாகை. அதனால் இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும், பிறகு ஒழுகும். டேப் எவ்வளவு சுற்றினாலும் நிற்காது. பழைய சோனகத் தெருவிலோ ஆமர் வீதியிலோ ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய்க் கனடாப் பொருத்தைக் கையில் கொடுத்தால், கடைக்காரர் தடவிப் பார்த்தே "இது நம்மட இல்ல" என்று திருப்பித் தருவார்.

தண்ணீரின் தன்மை இரண்டு முறைக்கும் பொதுவானது, சுருக்கமாகவே சொல்லலாம். கொழும்புத் தண்ணீர் மென்மையானது, வெளிர்நிற பியருக்கு நல்லது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் கருநிற ஸ்டவுட்டுக்குப் பொருந்தும். கேத்தலின் அடியில் வெள்ளை படிகிற தண்ணீர் என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு வேறு விளக்கம் வேண்டாம். குளோரினைக் கொதிக்க வைத்தோ ஒரு ராத்திரி திறந்து வைத்தோ போக்கலாம். ரொறொன்ரோவில் குளோரமின் சேர்ப்பதால் அது கொதித்தாலும் எளிதில் போகாது. அங்கே மெட்டாபைசல்பைட் மாத்திரை ஒன்று வேண்டும்.

எனக்கு ஒரு கராஜ் இருந்தால் இப்படித்தான் கட்டுவேன். கழுவும் சுடுநீரை மட்டும் கொஞ்சம் உயரத்தில் வைத்து மாஷுக்குத் தானாக இறக்குவேன். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற, ஹூக் நோர்ட்டன்காரரைப் போல, குளிராக இருக்கும்போதே ஒரு மோட்டர். மாஷிலிருந்து கொதிப் பாத்திரத்துக்கும் அங்கிருந்து வாளிக்கும் சாறு தானாக விழும். ஐஸ் வாளியில் இன்னொரு பம்ப். இரண்டு பம்பும் தண்ணீரைத் தவிர எதையும் தொடாது. மாஷைச் சுற்றிவிட்டுத் தெளிய வைக்கும் சுகத்தையும் ஒரு பாகைக்குள் வெப்பத்தைப் பிடிக்கும் பெருமையையும் இழப்பேன். அது எனக்குச் சம்மதம். மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டான். அவனுக்குத் திரையில் எண் ஓட வேண்டும்.

எந்த அமைப்பானாலும் பார்லியைத் தொடுமுன் வெறும் தண்ணீரில் ஒரு ஓட்டம் விட வேண்டும். எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பி, எல்லா வால்வையும் மூடி, ஒவ்வொரு மூட்டுக்குக் கீழும் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்துவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ அந்த மூட்டை மட்டும் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். பிறகு அதே தண்ணீரை 80 பாகைக்குச் சூடாக்கி இன்னொரு தடவை. குளிரில் ஒழுகாத மூட்டு சூட்டில் விரிந்து ஒழுகும்.